பச்சை விளக்கு யாருக்கு? தலைநகரச் சாலைகளில் நடந்து செல்வோரின் நிலை

புது தில்லி: 2016-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி மத்திய அமைச்சரவை விரிவாக்கம் நடைபெற்றபோது, புதிய இணை அமைச்சர்களாகப் பொறுப்பேற்க இருந்த அர்ஜுன் ராம் மேக்வாலும் மன்சுக் மாண்டவியாவும் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு சைக்கிளில் வந்து சேர்ந்தனர். எளிமைக்கு எடுத்துக்காட்டு என்று அது பேசப்பட்டது. மறுநாள் பத்திரிகைகளில் படமும் வெளியானது.

அகன்ற நடைபாதைகள், நிழல் தரும் மரங்கள், அடிக்கு ஒரு காவலர் என்று அமைந்த ராய்சினா குன்றுப் பகுதியில் சைக்கிள் ஓட்டுவது பெரிய ஆபத்தான காரியம் அல்ல. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மதுரா சாலையிலோ, வெளிவட்டச் சாலையிலோ, கர்னால் நெடுஞ்சாலையிலோ அதிகாலையில் நின்று பார்த்தால் காட்சி வேறு. கைப்பிடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொங்கவிட்டபடி தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளி, இரவுக் காவல் முடித்துத் திரும்பும் காவலாளி, பால் கேன்களைக் கட்டிச் செல்பவர், கட்டட வேலைக்குச் செல்லும் பிகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் எனப் பலரும் பேருந்துக்கும் சாலையோரக் கல்லுக்கும் இடையில் உள்ள இரண்டடி இடைவெளியில் சைக்கிளை ஓட்டிச் செல்கின்றனர். இவர்களில் எவரும் எளிமையை எடுத்துக்காட்டுவதற்காக சைக்கிளில் செல்லவில்லை. வேறு வாகனம் இல்லாததால் செல்கின்றனர்.

நாளொன்றுக்கு 96 பேர்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2023-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,72,890 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 35,221 பேர் பாதசாரிகள். அதாவது, ஐந்தில் ஒருவர் எந்த வாகனத்திலும் ஏறாமல், சாலையோரம் நடந்ததாலோ, சாலையைக் கடந்ததாலோ மட்டுமே உயிரிழந்தவர். நாளொன்றுக்கு சராசரியாக 96 பேர்.

தலைநகரில் நிலைமை இன்னும் மோசம். தில்லி போக்குவரத்துக் காவல் துறையின் 2022-ஆம் ஆண்டு விபத்து அறிக்கைப்படி, சாலை விபத்துகளில் உயிரிழந்தோரில் ஐந்தில் இரண்டு பங்கினருக்கும் அதிகமானோர் பாதசாரிகள். நாட்டிலேயே நீண்ட மெட்ரோ ரயில் தடமும், எண்ணற்ற மேம்பாலங்களும் கொண்ட நகரில், அந்த மெட்ரோ நிலையத்துக்கு நடந்து செல்பவரின் நிலை இது.

விபத்து நேர்ந்தவுடன் எழும் முதல் கேள்வி, "அவர் ஏன் சாலையில் நடந்தார்?" என்பதுதான். தில்லியின் பல சாலைகளில் அதற்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. நடைபாதையில் கார்கள் நிற்கின்றன. கார் இல்லாத இடத்தில் மின்மாற்றி நிற்கிறது. அதுவும் இல்லாத இடத்தில் நடைபாதை முழங்கால் உயரத்தில் இருக்கிறது; ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஏற வேண்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்துள்ள விதிமுறைப்படி, தடையற்ற நடைபாதையின் அகலம் குறைந்தபட்சம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே செல்வதற்கான அளவு அது. தலைநகரின் பல பகுதிகளில் ஒருவர் தனியாக நடப்பதற்கே அந்த இடம் கிடைப்பதில்லை.

"நடை மேம்பாலம் இருக்கிறதே" என்பது அடுத்த கேள்வி. லாரிகள் செல்வதற்காக மேம்பாலத்தின் அடியில் ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டியிருப்பதால், சுமார் 40 படிகள் ஏறி மீண்டும் 40 படிகள் இறங்க வேண்டும். தலையில் சுமை உள்ளவருக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும், மூட்டு வலி உள்ள முதியவருக்கும் சாலை நடுவில் உள்ள தடுப்பின் இடைவெளிதான் வழியாகிறது. ஆறு வழிச் சாலையைக் கடக்க 21 மீட்டர் நடக்க வேண்டும். விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் இளைஞருக்கு 18 விநாடிகள் போதும். விநாடிக்கு 80 சென்டிமீட்டர் மட்டுமே நடக்கக் கூடிய மூதாட்டிக்கு 26 விநாடிகள் தேவை. இளைஞரின் நடையை வைத்து விளக்கின் நேரத்தை அமைத்தால், மூதாட்டி சாலையின் நடுவில் இருக்கும்போதே வாகனங்களுக்குப் பச்சை விளக்கு எரியும்.

வேகத்தின் கணக்கு

இத்தனை குறைகளும் அரசின் பொறுப்பு. ஆனால், நடப்பவர் சாகிறாரா, பிழைக்கிறாரா என்பது பெரும்பாலும் வாகனம் ஓட்டுபவரின் காலடியில் இருக்கிறது.

உலர்ந்த சாலை, நல்ல பிரேக், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை அழுத்த ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் அந்த ஒரு விநாடியில் 14 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க மேலும் 14 மீட்டர் ஆகும். ஆக, 28 மீட்டர் முன்னால் ஒரு சிறுவன் சாலையில் ஓடி வந்தால், கார் அவனுக்கு மிக அருகில் வந்து நின்றுவிடும்.

அதே கார் 60 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால், சிறுவனை அடையும்போது அதன் வேகம் இன்னும் 40 கி.மீட்டரை ஒட்டி இருக்கும். 70 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால், பிரேக்கை முழுமையாக அழுத்திய நிலையிலும் ஏறத்தாழ 58 கி.மீ. வேகத்தில் மோதும். முதல் ஓட்டுநர் ஒரு நிமிடம் படபடப்புடன் நின்றுவிட்டு வீட்டுக்குச் செல்வார். மூன்றாமவர் காவல் நிலையத்துக்குச் செல்வார். இருவருக்கும் இடையிலான வேறுபாடு 20 கி.மீ. மட்டுமே. காரின் முன்பகுதி மோதும் வேகம் 50 கி.மீட்டரிலிருந்து 65 கி.மீட்டராக உயர்ந்தால், பாதசாரி உயிரிழக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்த வேகத்தால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? ஐந்து கி.மீ. தொலைவை 50 கி.மீ. வேகத்தில் கடக்க 6 நிமிடங்கள் ஆகும். 60 கி.மீ. வேகத்தில் 5 நிமிடங்கள். மிச்சமாகும் அந்த ஒரு நிமிடமும் அடுத்த சிவப்பு விளக்கில் கழிந்துவிடும்.

நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் அதிகபட்ச வேகம் 30 கி.மீ. என்று இருக்க வேண்டும் என 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற உலக மாநாட்டின் பிரகடனம் வலியுறுத்தியது. தில்லி போக்குவரத்துக் காவல் துறை 2021 ஜூன் மாதம் வெளியிட்ட வேக வரம்புப் பட்டியலிலும் குடியிருப்புப் பகுதி, சந்தை, அணுகுசாலை ஆகியவற்றுக்கு 30 கி.மீ. என்றே குறிக்கப்பட்டது. முக்கியச் சாலைகளில் கார்களுக்கு 50 முதல் 70 கி.மீ. வரை அனுமதிக்கப்பட்டது. ஆனால், குடியிருப்புப் பகுதியின் உட்சாலைகளில் 30 கி.மீ. என்ற வரம்பு இருப்பதையே அறியாத ஓட்டுநர்கள் ஏராளம்.

ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்கள்

நகரச் சாலைகளில் விபத்து நேரும் விதங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அறிந்த ஓட்டுநர் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிட முடியும்.

முதலாவது, இடதுபுறத் திருப்பம். சைக்கிளில் செல்பவர் சாலையின் இடது ஓரத்தில் நேராகச் செல்கிறார். அவரை முந்திச் செல்லும் கார் உடனே இடதுபுறம் திரும்பினால், அவரது பாதை அடைபட்டுவிடுகிறது. திருப்பத்துக்கு முன் சைக்கிளை முந்தாமல் பின்னால் நின்று, அது கடந்த பிறகு திரும்ப வேண்டும். திரும்பும் முன் இடதுபுறக் கண்ணாடியைப் பார்ப்பதோடு நில்லாமல், தலையைத் திருப்பியும் பார்க்க வேண்டும். பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களது வண்டியின் இடதுபுற முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள், இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாமலே போகலாம்.

இரண்டாவது, நின்றுகொண்டிருக்கும் வாகனம். பக்கத்துத் தடத்தில் ஒரு கார் காரணமின்றி நிற்பது போலத் தோன்றினால், அதன் முன்னால் யாரோ சாலையைக் கடந்துகொண்டிருக்கிறார் என்றே கருத வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தும் அப்படியே. இறங்கிய பயணி அதன் முன்புறமாகவே சாலைக்கு வருவார். ஒலிப்பானை அழுத்திக்கொண்டு அதைக் கடப்பது, வருபவரைத் திகைத்து நிற்க வைக்குமே தவிர, காப்பாற்றாது.

மூன்றாவது, கார்க் கதவு. சாலையோரம் நிறுத்திய காரின் கதவை பின்னால் பார்க்காமல் திறப்பதால் சைக்கிளில் வருபவர் மோதி விழுகிறார். பின்னால் வரும் வாகனம் அவர் மீது ஏறுகிறது. வலப்புறம் அமர்ந்திருக்கும் ஓட்டுநர், கதவை வலது கையால் திறக்காமல் இடது கையை நீட்டித் திறந்தால், தோளும் தலையும் தாமாகவே பின்பக்கம் திரும்பும். இடப்புறம் இறங்குபவர் வலது கையைப் பயன்படுத்த வேண்டும். நெதர்லாந்தில் இப்பழக்கம் ஓட்டுநர் பயிற்சியிலேயே கற்றுத்தரப்படுகிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

நான்காவது, முந்தும்போது விட வேண்டிய இடைவெளி. சைக்கிளில் செல்பவர் சாலைப் பள்ளத்தைக் கண்டால் விலகுவார். கனரக வாகனத்தின் காற்று வேகத்தில் தடுமாறுவார். ஜெர்மனியில் நகரப் பகுதிக்குள் சைக்கிளை முந்தும் வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2020 முதல் சட்டமே உள்ளது. அந்த இடைவெளி கிடைக்காத இடத்தில், கிடைக்கும் வரை பின்னால் செல்வதே முறை.

ஐந்தாவது, இரவும் பனியும். பகலில் நெரிசலே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இரவில் சாலை காலியாகிறது. லாரிகள் நகருக்குள் நுழைகின்றன. எதிர் வாகனத்தின் உயர்நிலை விளக்கு கண்ணைக் கூசச் செய்யும் சில விநாடிகளில், இரு ஒளிகளுக்கும் நடுவே நிற்பவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தில்லியைச் சூழும் மூடுபனியில், பின்விளக்கு இல்லாத சைக்கிள் மிக அருகில் வந்த பிறகே தெரியும். கண்ணுக்கு எட்டும் தொலைவுக்குள் நிறுத்த முடியாத வேகம் எதுவாயினும், அது அதிவேகமே.

சட்டம் சொல்வது என்ன?

இவற்றில் பல நல்லொழுக்க அறிவுரைகள் மட்டுமல்ல, சட்டப்படியான கடமைகள். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளுக்குப் பதிலாக 2017 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்கின்றன. விளக்கு இல்லாத பாதசாரிகள் கடவையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும். எதிரே நெரிசல் இருந்தால் கடவையின் மீது வாகனத்தை நிறுத்தக் கூடாது. நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் வாகனத்தை ஓட்டவோ நிறுத்தவோ கூடாது.

வெள்ளைக் கோடுகளின் மீது கால் வைத்தவருக்கே முன்னுரிமை என்பது இதன் பொருள். நடைமுறையிலோ, கோட்டின் முன் நிற்கும் காரைப் பின்னால் வருபவர் ஒலிப்பானால் விரட்டுகிறார்.

2014 ஜூன் 3-ஆம் தேதி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சர் கோபிநாத் முண்டே தில்லியில் நேரிட்ட கார் விபத்தில் உயிரிழந்தார். அதன் பிறகு சாலைப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய பேச்சு நாடாளுமன்றத்தில் வேகம் பெற்றது. 2016-இல் அறிமுகமான மோட்டார் வாகனத் திருத்த மசோதா, 2017 ஏப்ரலில் மக்களவையில் நிறைவேறிய பின்னரும் மாநிலங்களவையில் தேங்கி, 2019-இல் காலாவதியானது. அதே ஆண்டு ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி மீண்டும் கொண்டுவந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. மாநிலங்களின் அதிகாரம் பறிபோகிறது என்பதே விவாதத்தில் எதிர்க்கட்சிகள் எழுப்பிய முக்கியக் குற்றச்சாட்டு.

அபாயகரமாக ஓட்டுவோருக்கு முதல் முறை ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று அச்சட்டம் தண்டனையை உயர்த்தியது. சிவப்பு விளக்கை மீறுவதும், ஓட்டும்போது செல்பேசியைக் கையில் வைத்திருப்பதும் இப்பிரிவில் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான அதிகபட்ச சிறைத் தண்டனையை இரண்டு ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பிச் செல்வோருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை என்ற பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்தை அடுத்து, சட்டம் அமலுக்கு வந்தபோது நிறுத்தி வைக்கப்பட்டது.

மோதிய வாகனம் எதுவென்று தெரியாத விபத்துகளில் மரணத்துக்கு ரூ. 2 லட்சமும், படுகாயத்துக்கு ரூ. 50 ஆயிரமும் இழப்பீடாக வழங்கும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காயமுற்றவரை நல்லெண்ணத்துடன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்க முடியாது என்ற பாதுகாப்பும் 2019 திருத்தத்தில் உண்டு. 2013 அக்டோபரில் எய்ம்ஸ் மருத்துவமனை அருகே சைக்கிளில் சென்றபோது கார் மோதி வீழ்ந்த சுற்றுச்சூழல் ஆர்வலர் சுனிதா நாராயணைக் காப்பாற்றியது, நிற்காமல் சென்ற காரோட்டி அல்ல. வழியில் சென்ற ஒருவர்தான்.

சாலை அமைப்பு விதிகளை மீறும் அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ இதே சட்டம் விதிக்கும் அதிகபட்ச அபராதம் ரூ. 1 லட்சம்.

அகற்றப்பட்ட ஒரு சோதனை

தலைநகரில் சைக்கிளுக்குத் தனிப் பாதை அமைக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. "வாகனங்களை அல்ல, மனிதர்களைக் கொண்டு செல்வதே நோக்கம்" என்ற அடிப்படையில் 2006-இல் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை ஏற்கப்பட்டது. ஷீலா தீட்சித் ஆட்சியில், 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தொலைவுக்கு விரைவுப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. பேருந்துக்கு நடுவே தனித் தடம், ஓரத்தில் சைக்கிள் பாதை, அதை ஒட்டி நடைபாதை. தில்லி ஐ.ஐ.டி. நிபுணர்களின் வடிவமைப்பு அது.

கார்களுக்கு விடப்பட்ட தடத்தில் நெரிசல் மிகுந்தது. சைக்கிள் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. பேருந்துத் தடத்தைக் கார்களுக்கும் திறந்துவிடக் கோரிய வழக்கை தில்லி உயர் நீதிமன்றம் 2012 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் வென்ற திட்டம் அரசியலில் தோற்றது. தடத்தை அகற்ற ஆம் ஆத்மி அரசு 2015-இல் முடிவெடுத்து, 2016-இல் பணியைத் தொடங்கியது. பேருந்தின் தனித் தடத்தோடு சாலையின் அந்த அமைப்பே கலைந்தது.

மாறாக, செங்கோட்டை முதல் பதேபுரி மசூதி வரையிலான சாந்தினி சௌக் கடைவீதி சீரமைக்கப்பட்டு 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை என்பது அங்குள்ள விதி. அவ்வப்போது மீறப்பட்டாலும், மனிதர்கள் தெருவின் நடுவே நடப்பதை அங்கு காண முடிகிறது.

தில்லியில் பொறுப்பைச் சுமத்துவதும் எளிதல்ல. அகன்ற சாலைகள் பொதுப்பணித் துறையிடமும், உட்சாலைகள் மாநகராட்சியிடமும், அமைச்சர்கள் வசிக்கும் பகுதி புது தில்லி நகராட்சிக் குழுவிடமும், நெடுஞ்சாலைகள் தேசிய ஆணையத்திடமும் உள்ளன. நடைபாதையில் நிற்கும் காரை அகற்ற வேண்டிய போக்குவரத்துக் காவல் துறையோ மத்திய உள்துறையின் கீழ் இயங்குகிறது.

கோவையிலிருந்து வந்த வழக்கு

நாடாளுமன்றம் விட்ட இடத்தில் உச்ச நீதிமன்றம் தொடர்ந்துள்ளது. அதற்குக் காரணமான வழக்கு கோவையிலிருந்து வந்தது. விபத்தில் சிதைந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது.

அதே வழக்கில், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் அங்கமே என்று 2025 மே 14-ஆம் தேதி நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு தீர்ப்பளித்தது. மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில் நடைபாதைகள் அமைய வேண்டும் என்றும், ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2025 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு அடுத்த படிக்குச் சென்றது. பாதசாரிகள், இயந்திரமற்ற வாகனங்கள் தொடர்பாகவும், தேசிய நெடுஞ்சாலை அல்லாத பிற சாலைகளின் அமைப்பு, பராமரிப்பு தொடர்பாகவும் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. 50 நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும், கண்கூசும் விளக்குகளைக் கட்டுப்படுத்தவும் பணித்தது. இவ்விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தமே அளித்திருந்தது. அதைப் பயன்படுத்தச் சொல்வதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

விதிகளை வகுப்பதும், நடைபாதைகளைச் சீரமைப்பதும், அவற்றை ஆக்கிரமிப்பின்றிக் காப்பதும் நெடுங்காலப் பணிகள். அரசுகள் அவற்றைச் செய்கின்றனவா என்று கேட்கும் பொறுப்பு மக்கள் பிரதிநிதிகளுக்கு உண்டு. ஆனால், வெள்ளைக் கோட்டின் முன் நிற்பதற்கும், குடியிருப்புத் தெருவில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் செல்வதற்கும், கதவைத் திறக்கும் முன் பின்னால் பார்ப்பதற்கும் எந்த அரசாணையும் வர வேண்டியதில்லை. நாளை அதிகாலை மதுரா சாலையில் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் செல்லப்போகும் தொழிலாளி மாலையில் வீடு திரும்புவது, அவருக்குப் பின்னால் வரும் ஓட்டுநரின் கையில் இருக்கிறது.